சபைக்குப் போன ஊர் வழக்கம்

பழவேற்காடு,
மார்ச் 1984

அன்புள்ள வரதன் அண்ணனுக்கு, தம்பி கஜபதி எழுதுவது. அண்ணியும் பிள்ளைகளும் சுகம். தாம்பரம் டி.பி. ஆஸ்பத்திரியில் உனக்கு இருமல் குறைந்ததா, ரத்தம் நின்றதா? மறைக்காமல் எழுது.

ஊசியைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். காரணம் எனக்குத் தெரியும். பட்ஜெட் விவாதத்தை வார்டில் யாரோ பேப்பரில் படித்துக் காட்டியிருப்பார்கள். உன் முறையில் வலை போட்டுச் சின்னதம்பி மாமா கொடுக்கும் மீனில் உன் வீடு சாப்பிடுவது சட்டசபை வரைக்கும் தெரிந்துவிட்டது. அதைச் சொன்ன 'படித்த மீனவ இளைஞர்' நான்தான்.

கடலில் செத்தால்தான் இன்சூரன்ஸ், நோயில் படுத்தால் இல்லை. நோயையும் இந்த பட்ஜெட்டில் சேர்க்க வேண்டும் என்று சபையில் கேட்டார்கள் அல்லவா? அதை விசாரிக்கப் பொன்னேரிக்கு ஒரு குழு வந்தது. டிப்ளமோ படித்தவன், மோட்டார் பிரிக்கிறவன், பேசத் தெரியும் என்று ஊர் என்னை அனுப்பியது. குழுவில் ஒருவர், படுத்துவிட்டால் உங்க வீட்டையெல்லாம் யார் பார்ப்பது, கடன் வாங்கிக் குடிப்பீர்களா என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஏரியில் யார் என்றைக்கு வலை போடுவது என்று நாங்கள் பாடு பிரித்து வைத்திருக்கிறோம், ஒருத்தன் படுத்தால் அவன் முறையில் அடுத்தவன் வலை போட்டு மீனை அவன் வீட்டில் கொடுப்பான், நாங்கள் யாரிடமும் கையேந்தியதில்லை என்றேன். அத்தாட்சிக்கு உன் பெயரையும் சொன்னேன். அவர் சந்தோஷமாக எழுதிக்கொண்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

போன வாரம் ஒரு மந்திரி சபையில் அதையே படித்தாராம். மீனவர்களிடமே நல்ல ஏற்பாடு இருக்கிறது, அரசு புகுந்து அதைக் கெடுக்க வேண்டாம் என்று முடித்துவிட்டார். மேசையைத் தட்டினார்களாம்.

ஊரில் யாரும் திட்டவில்லை. சின்னதம்பி மாமா மட்டும், நம்மள பெரிய பணக்காரனாக்கி வுட்டியே டிப்ளமோ என்று சிரித்தார். அண்ணி மீன் ஆய்ந்துகொண்டே, கொழம்புக்கு மீன் வருதுனு சொன்னே, சரி, ஊசிக்கு இன்னா வருதுனு சொன்னியாப்பா என்று கேட்டார்கள்.

சொல்லவில்லை அண்ணா. முகத்துவாரம் மண் அடைத்து ஏரியில் இறாலே இல்லை, மாமா தன் பிள்ளைகளுக்குப் போதாததில் பாதியைக் கொடுக்கிறார் என்பதையும் சொல்லவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர்கள் முன்னால் ஏழையாக நிற்கக் கூச்சப்பட்டேன். ஊர் கேட்கச் சொன்னதைக் கேட்காமல் பெருமை பேசிவிட்டு வந்தேன். இப்போது தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

நீ வந்து வலை இழுத்தாலும் மந்திரியின் அந்தப் பேச்சு மாறாது. பாதியில் விட்டால் பிறகு எந்த மருந்தும் கேட்காது என்று டாக்டர் என்னிடமே சொன்னார். வரதன் வந்தான்னா ஏரியில எறங்க வுடமாட்டேன்னு எழுதுடா என்று மாமாவும் சொல்லச் சொன்னார். குழுவுக்குத் திரும்ப எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை நம்மிடம் என்னென்ன இல்லையோ அதையெல்லாம் எழுதினேன். படிப்பார்களோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். என்னைத் திட்டணும் என்றால் நேரிலேயே திட்டு. அதற்காகவாவது அந்தக் கட்டிலில் இரு அண்ணா.

உன் தம்பி,
கஜபதி