நசுங்காத எலுமிச்சம்பழம்

அடியே,

தெரு முழுக்க எலுமிச்சை வாசனை. ஆயுத பூஜை. பைக், ஆட்டோ, தண்ணீர் லாரி என்று நிற்கிற வண்டிக்கெல்லாம் காலையிலிருந்து சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்து நசுக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஜன்னலைச் சாத்தியும் வாசனை உள்ளே வருகிறது. எனக்கு வயிறு எரிகிறது. உன்னிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவேன்?

நேற்று பூஜைக்காக வீட்டைக் கழுவும்போது உன் அண்ணன் உன் சைக்கிளைத் தூக்கி வாசலில் போட்டிருந்தார். பழைய இரும்பு எடுக்கிறவர் அதைத் தராசில் மாட்டிக்கொண்டிருந்தார். கடைக்குப் போய்த் திரும்பிய நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"இன்னா அண்ணாத்த இது?"

"ராசி கெட்ட வண்டிம்மா. எங்க தங்கச்சிய முழுங்கிட்டு மூலைல நின்னுகினு கீது. இத வூட்ல வச்சிகினு இன்னா பண்றது?"

முழுங்கியதாம்! அந்தச் சைக்கிள்!

நீ அதைக் கண்டெடுத்த கதை அவருக்குத் தெரியாதா? மாமல்லபுரத்தில் நீ வரவேற்பில் உட்கார்ந்திருந்த லாட்ஜின் பின்பக்கம் அது கிடந்தது. என்றோ வந்த வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுவிட்டுப் போனது. முதலாளி அதன்மேல் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தார். விலைக்குக் கேட்டபோது, "அப்புறம் துணிய எங்க காயப்போடறது?" என்றாராம். நீ போய் நைலான் கொடி வாங்கி வந்து, நீயே இரண்டு தென்னைக்கு நடுவில் கட்டிக் கொடுத்து, மேலே கொஞ்சம் பணமும் வைத்து, அந்தப் பழைய ரேஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாய். பெயர் அழிந்துபோன வண்டி. ஒல்லி டயர். கியர் மாற்றும் குச்சிகள் கீழ் பைப்பில். ஒரு கையால் தூக்கிக் காட்டி, "பாருடி, கொழந்த மாதிரி கீது" என்றாய்.

ஊர் சும்மா இருந்ததா? "பொம்பளைக்கு எதுக்குடி பார் வச்ச சைக்கிள்?" என்றார்கள். உன் அண்ணன் உதவி செய்கிறேன் என்று கீழே வளைந்திருந்த ஹேண்டில்பாரைத் திருகி, மாட்டுக் கொம்பு மாதிரி மேலே நிமிர்த்தி வைத்தார். ஒரு வாரம் அப்படியே ஓட்டினாய், பாவி. பஞ்சர் கடைக்காரர் வால்வைப் பார்த்து, "இதுக்கு எம் பம்ப் ஏறாதும்மா" என்று கைவிரித்தார். செங்கல்பட்டு வரைக்கும் போய், அந்த வால்வில் மாட்டினால் சாதா பம்பும் ஏறுகிற குட்டிப் பித்தளை மூடியைத் தேடிப் பிடித்தாய். வளையலில் ஊக்கோடு சேர்த்து அதையும் கோத்துக்கொண்டாய். அப்புறம் உனக்கு பஸ்ஸும் வேண்டாம், ஷேர் ஆட்டோவும் வேண்டாம்.

ஞாயிறுகளில் என் லேடீஸ் சைக்கிளையும் இழுத்துக்கொண்டு முட்டுக்காடு பாலம் வரை போவோம். ராங் சைடில் கார் வந்தால் நான் உடனே மண்ணில் இறங்கிவிடுவேன். நீ இறங்கமாட்டாய். காலை ஊன்றி, அவன் முகத்தைப் பார்த்து, "இது என் சைடு. நீ பின்னால போ" என்பாய். எத்தனை ஹாரன் அடித்தாலும் அதே வார்த்தைதான்.

அப்புறம் போன வருஷத்து ஆயுத பூஜை. உன் சைக்கிளுக்கும் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. முன் சக்கரத்துக்கு அடியில் பழத்தை வைத்து ஏறி மிதித்தாய். ஒல்லி டயர் எங்கே நசுக்கும்? பழம் வழுக்கிக்கொண்டு சாக்கடை ஓரம் உருண்டது, நீ மாலையோடு மல்லாந்தாய். தெருவே சிரித்தது. நீ எழுந்து, பழத்தை எடுத்துக் கழுவி, "நல்ல பழம்டி, வீணாக்குவாங்களா?" என்று பிழிந்து, சர்க்கரையும் உப்பும் போட்டுக் கலக்கிவிட்டாய். உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்கள்: "திஷ்டிப் பழத்த யாருனா குடிப்பாங்களாடி?"

நீ பாதி குடித்தாய். மீதியை என்னிடம் நீட்டினாய்.

தை பிறந்து சில நாளில் நீ போய்விட்டாய். அன்றிலிருந்து ஊரில் எல்லாருக்கும் காரணம் தெரிந்துவிட்டது: பழம் நசுங்கவில்லை, அதையும் குடித்துத் தொலைத்தாள்! பேப்பரிலோ, 'சைக்கிளில் சென்ற பெண் கார் மீது மோதி பலி' என்று போட்டார்கள். நீ போய்க் காரின் மேல் மோதினாயாம்! இளநீர்க் கடை அம்மா என்னிடம் அழுதுகொண்டே சொன்னார்: "அந்தப் பொண்ணு ரோட்லயே இல்லம்மா. சைக்கிள மரத்துல சாச்சிட்டு, எங்கிட்ட காய் வாங்கிகினு நின்னுச்சு. அந்தக் கார்க்காரன்தான் யூ டர்ன் வரைக்கும் சுத்திகினு போக சோம்பேறித்தனப்பட்டு ராங்ல வந்து ஏத்துனான்." சைக்கிளில் ஒரு கீறல்கூட இல்லை, தெரியுமா? அவனை ஒரு வார்த்தை கேட்க ஆளில்லை. சைக்கிளுக்கு மட்டும் தண்டனை, தராசில்.

நேற்று எனக்கு எங்கிருந்துதான் குரல் வந்ததோ. "அண்ணாத்த, அந்தப் பழத்துல பாதி நான் குடிச்சேன். நான் நல்லாத்தானே கீறேன்? வண்டிய எறக்குங்க!" என்று கத்தினேன். உன் அண்ணன் வண்டியைத் தராசிலிருந்து இறக்கினார். உன் அம்மா உள்ளே போனார்கள். ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த உன் ஊக்கை, பித்தளை மூடியோடு கொண்டுவந்து என் கையில் வைத்தார்கள். "காத்து இல்லாம கீது. அடிச்சிகினு எடுத்துகினு போ" என்றார்கள்.

இன்று காலை ஈசிஆரில் ஓட்டினேன். அந்த இளநீர்க் கடையைத் தாண்டியதும் எதிரே ஒரு கார், ராங் சைடில், விளக்கை மினுக்கி மினுக்கி வந்தது. மண் பக்கத்திலேயே இருந்தது. நான் இறங்கவில்லை. காலை ஊன்றி நின்றேன்.

"ஏம்மா, சாவறதுக்கு வந்தியா?"

"இது என் சைடு. நீ பின்னால போ."

அவன் ஏதோ திட்டினான். ஆனால் ரிவர்ஸ் எடுத்தான்டி.

வீட்டுக்கு வந்து சக்கரத்துக்கு அடியில் ஒரு பழம் வைத்தேன். இந்த வருஷமும் வழுக்கிக்கொண்டுதான் ஓடியது. எடுத்துக் கழுவிப் பிழிந்து, சர்க்கரையும் உப்பும் போட்டேன். முழு கிளாஸையும் நானே குடிக்கவேண்டியதாகிவிட்டது.