நம் ஊரில் வறுமை ஒழிந்த மத்தியானம்

நெல்லிவாசல்நாடு
ஐப்பசி மாதம்

அன்பு மகன் கோகுல்ராஜுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் மாடு கன்றும் சுகமாக இருக்கிறோம், டெல்லிக் குளிரில் நீயும் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும். உலகத்து வறுமையைக் குறைக்கிற உன் ஆபீஸ் வேலை எப்படிப் போகிறது? நம் ஊரில் அது முடிந்தேவிட்டது. உன் ஆட்கள் ஜீப்பில் வந்து ஒரே மத்தியானத்தில் வறுமையை ஒழித்துவிட்டுப் போனார்கள்.

வெளியாள் வந்தால் வெறும் தரையில் உட்கார வைப்போமா? வேடியப்பன் மாமா வீட்டு இரண்டு நாற்காலியும் டேபிள் ஃபேனும் வழக்கம்போல முதல் வீட்டுக்கு வந்தன. அவர்கள் எழுந்து அடுத்த வீட்டுக்குச் சுற்றி வருவதற்குள் புளியமரத்துப் பின்பக்கமாக எல்லாம் அங்கே போய்விட்டன. இரவல் பொருள் என்று விருந்தாளியிடம் சொல்வது மரியாதையா? அந்த மேதாவிகள் வீட்டுக்கு வீடு நாற்காலி, ஃபேன் என்று போனில் தட்டிக்கொண்டார்கள். விருந்துக்கென்று எடுத்து வைத்த சாமையை ஆக்கிப் போட்டேன், தினமும் சத்தான சாப்பாடு என்று அதையும் பதிந்தார்கள். தினம் நாங்கள் தின்பது ரேஷன் அரிசி. கேள்வியெல்லாம் நீ தயாரித்ததாம், பெருமையாகச் சொன்னார்கள். சின்ன வயதில் அந்த நாற்காலியைத் தலையில் சுமந்து வீடு வீடாக ஓடியவனே நீதான், அது யாருடையது என்று ஒரு கேள்வி சேர்க்கத் தோன்றவில்லையா? படித்த படிப்பு அவ்வளவுதானா?

முன்னேறிய ஊருக்குத் தேவையில்லை என்று, கர்ப்பிணிகளை மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறக்கிக்கொண்டிருந்த உங்கள் ஆபீஸ் ஜீப்பை இப்போது நிறுத்திவிட்டார்கள். மழை அறுத்த பாதையில் ஏறுகிற வண்டி அது ஒன்றுதான், 108 அடிவாரத்திலேயே நின்றுவிடும். "இன்னா தங்கச்சி, ரெண்டு நாற்காலி வாங்கி ஊரையே பணக்கார ஊராக்கிட்டேன் பாத்தியா" என்று மாமா சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் தங்கை அருணாவுக்குக் கார்த்திகையில் பிரசவம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது கோகுல்.

காளியாத்தா உனக்குத் துணை இருப்பாள், நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறக்காதே. அருணாவை டோலி கட்டித்தான் இறக்க வேண்டும், தூக்க நான்கு பேர் வேண்டும். ஊர் ஆண்களெல்லாம் கர்நாடகாவுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டார்கள். அப்பா, வேடியப்பன் மாமா, மாப்பிள்ளை சுரேஷ் இருக்கிறார்கள். நான்காவது ஆள் நீ. கார்த்திகை பிறப்பதற்குள் வந்து சேர்.

உன் அம்மா
அம்சவல்லி