ஏழாம் நாடாவின் கடைசி நான்கு நிமிடங்கள்

அன்பிற்கினிய சீழ்க்கைக்கு,

நலமா என்று கேட்க நா எழவில்லை. அம்மாவை இழந்து இரண்டு திங்கள்கூட ஆகாதவனிடம் அது வெறும் சொல். வேளைக்கு உண், உறங்கு.

என் தொண்டையைப் பற்றிக் கேட்டிருந்தாய். மூன்று திங்களுக்கு வாய் திறக்கலாகாது என்று மருத்துவர் தடை விதித்துவிட்டார். 'இப்பதான் வீடு வீடா இருக்கு' என்கிறாள் என் இல்லாள். ஊர் ஊராய் மேடையேறி முழங்கியவன், இப்போது பலகையில் 'வெந்நீர்' என்று எழுதிக் காட்டி நிற்கிறேன்.

பேச இயலாதவன் கேட்கவாவது செய்யலாமே என்று நம் பெட்டியைத் திறந்தேன். உன் வீட்டு மாடியறையில், சன்னலுக்குப் போர்வை கட்டி, 'சீழ்க்கை'யாகிய நீ கதவொலியும் மழையொலியும் எழுப்ப, 'ஒலிபெருக்கி'யாகிய நான் அறிவிப்பாளனாய்க் குரலை உயர்த்த, நாம் நடத்திய 'மாடியறை வானொலி'யின் இருபத்திரண்டு ஒலிநாடாக்கள்! மகள் பழைய ஒலிப்பெட்டியைக் கணினியோடு இணைத்துத் தந்தாள். 'கேசட்டோட ஒரு பக்கம் அரை மணி நேரம்னா, ஏறவும் அரை மணி நேரம் ஆகும்பா, உங்க அவசரமெல்லாம் இதுகிட்ட பலிக்காது' என்றாள். பென்சிலால் நாடாவை இறுக்குவதும், ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒலிப்பெட்டியில் நாடா உரசும் முனையைத் துடைப்பதும், பிறகு கன்னத்தில் கைவைத்துக் காத்திருப்பதுமாகப் பதினொரு நாள் போயிற்று. மிகவும் களைத்துவிட்டேன்.

இருபத்தொன்று நன்றாக வந்துவிட்டன. நீ கேட்டிருப்பதோ ஏழாவது. ஒரு பக்கம் முழுவதும் அம்மாவே நடத்திய நிகழ்ச்சி. 'மெஷின் மென்னு துப்பின கேசட்தான், தெரியும்டா. ஆனா அம்மா குரல் வேற எங்கயும் இல்ல. துண்டு துண்டா இருந்தாலும் பரவாயில்ல, எடுத்துக் குடு' என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்பதை நானே அறியேன்.

நண்பா, அந்த நாடாவை எந்தப் பெட்டியும் மெல்லவில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் நான் சொன்னது பொய். நீயும் 'போகட்டும்டா, மெஷினோட யாரு சண்டை போடுறது' என்று அன்றே விட்டுவிட்டாய்.

என் முதல் மேடைக்கு முந்தைய நாள் அது. ஒத்திகை பார்க்க வெற்று நாடா இல்லை. ஏழாவதைக் கையில் எடுத்தேன். யாரும் அழித்துவிடக் கூடாதென்று அதன் விளிம்புத் தக்கையை நீ உடைத்து வைத்திருந்தாய். அந்த ஓட்டையை மூடினால் மறுபடி பதியும் என்பதால் அதில் ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டு, அம்மாவின் பதிவின்மீதே பேசினேன். அம்மாவிடம் இன்னொரு நாள் பேசச் சொன்னால் பேசிவிட்டுப் போகிறார் என்று நினைத்தேன். பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

நேற்று அதைக் கேட்டேன். தாய்மொழியின் குரலை அழிக்க இவ்வுலகில் எவனுக்கும் ஆற்றல் இல்லை என்று இருபத்தாறு நிமிடம் இடியாய் முழங்கியிருக்கிறேன். ஒவ்வொரு முழக்கத்தின் அடியிலும் உன் தாயின் குரல் அழிந்துகொண்டிருந்திருக்கிறது. மறுநாள் மேடையில் கைதட்டல் வாங்கித் தந்த உரை அதுதான்.

என் உரை முடிந்தது. பெட்டியை நிறுத்தாமல் அப்படியே ஓடவிட்டேன். ஒரு சொடுக்கொலி. அதன்பின், நான் பேசித் தீர்க்காமல் மிச்சம் விட்ட இடத்தில், அம்மா! வழக்கமான இறுதிப் பகுதிதான். சன்னலருகே நின்று, கொடித்துணியைப் பார்த்துக்கொண்டே சொல்லும் வானிலை. 'நேயர்களே, கிழக்கால கொஞ்சம் கருப்பு கட்டியிருக்கு. துணி காயுமான்னு கேக்குறீங்களா? நம்ம ஒலிபெருக்கி பேசி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு தடவை காஞ்சிடும். டேய், சிரிக்காதீங்கடா, பதிவாகுதுல்ல!' நாமிருவரும் சிரிக்கிறோம். அவரும் சிரிக்கிறார். நான்கு நிமிடம், ஒன்பது நொடி.

'உங்க பேச்சை வெட்டிட்டு இதை மட்டும் அனுப்பவா?' என்றாள் மகள். வேண்டாம் என்று பலகையில் எழுதிக் காட்டினேன். எதன்மேல் ஏறி நின்று நான் பேச்சாளன் ஆனேன் என்பதை நீ அறிந்தாக வேண்டும். இக்கடிதத்தோடு வரும் பென் டிரைவில் முழு நாடாவும் இருக்கிறது. அந்த நான்கு நிமிடம் தனியாகவும் இருக்கிறது. எதைக் கேட்பது என்பது உன் உரிமை.

மன்னிப்பை மேடைத்தமிழில் கேட்டால் அதுவும் ஒரு சொற்பொழிவாகிவிடும். ஆகவே ஒன்றே ஒன்று கேட்கிறேன். அம்மாவைக் கேட்டபின் எனக்கு ஒரு வரி எழுது. திட்டி எழுது. அதற்கும் மனம் வராவிட்டால், உங்கள் ஊரில் இன்று துணி காய்ந்ததா இல்லையா என்று மட்டுமாவது எழுது.

குரலின்றிக் காத்திருக்கும்,
ஒலிபெருக்கி