அப்பாவை எதிர்த்து மேடையேறிய வெள்ளிக்கிழமை

அல் ஐன்
ஜூன் 2009

அன்பு மகள் ஹர்ஷினிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே வெயில் கொளுத்துவதைத் தவிர எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, மெல்போர்ன் குளிரில் நீயும் தொண்டை கட்டாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை எடுத்தவுடன் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இந்தக் கதையை என் இஷ்டத்துக்குச் சொல்ல முடியுமா? அதனால் எழுத்துக் கூட்டியாவது தமிழிலேயே படி. கை பரபரக்கிறது, எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

வளைகுடா நாடுகள் ஆறும் சேர்ந்து ஒரே நாணயம் கொண்டுவரப் போவதாகப் பேச்சு நடந்ததும், ஓமன் முன்பே அதிலிருந்து கழன்றுகொண்டதும் உனக்குத் தெரியும். அப்பாவின் வங்கியில் அதற்கான ஆயத்தக் குழுவில் அவரைப் போட்டதிலிருந்து சாப்பாட்டு மேசையிலும் அதே பேச்சுதான். மே மாதத் தொடக்கத்தில் பொது மத்திய வங்கி ரியாத்தில்தான் என்று முடிவானது. அது அபுதாபிக்கு வரும் என்று இங்கே பலரும் எதிர்பார்த்திருந்தார்கள். அப்பாவுக்கு அந்த வருத்தம்கூட இல்லை, வங்கி தன்னை ரியாத்துக்கு அனுப்பப் போகிறது என்று தெரிந்ததும் சின்னப் பையன் மாதிரி ஆகிவிட்டார். “பிரபா, நம்ம வாழ்நாள்ல ஒரு புது நாணயம் பொறக்கறதைப் பக்கத்துல இருந்து பாக்கப் போறோம்” என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சிரித்துக்கொண்டே காபி கொடுத்தேன். அவரோடு போவதென்றால் பள்ளிக்கூட வேலையை விட வேண்டும். எத்தனை முறை தோற்று, எத்தனை அழுகை அழுது வாங்கிய டிரைவிங் லைசென்ஸ், ரியாத்தில் பெண்கள் வண்டி ஓட்டவே கூடாது. இந்த ஊரின் ரவுண்டபவுட் ஒவ்வொன்றையும் இப்போதுதான் பயமில்லாமல் சுற்றப் பழகியிருக்கிறேன். ஆனால் அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

அப்புறம் அந்தப் புதன்கிழமை செய்தி வந்தது, அமீரகம் பொது நாணயத் திட்டத்திலிருந்து விலகிவிட்டது என்று! டீச்சர்கள் அறையில் ஒரே கூச்சல். நல்லதாயிற்று என்று பாதிப் பேர், அண்ணன் தம்பிகள் பிரிந்த மாதிரி இருக்கிறது என்று பாதிப் பேர். நான் மட்டும் ஓரமாகப் போய் நின்று தண்ணீர் குடித்தேன், சிரிப்பு வெளியே தெரிந்துவிடக்கூடாதே! வீட்டுக்கு வந்தால் அப்பா ஷூவைக்கூடக் கழற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். “கலாஸ், பிரபா. எல்லாம் போச்சு” என்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சமையலறைக்குப் போய் ஒரு குதி குதிக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒருத்திக்குள் இருக்குமா என்று கேட்காதே, இருந்தது.

இனிதான் விஷயமே. நம் தமிழ்க் குடும்பங்களின் ஆண்டுவிழா அந்த வெள்ளிக்கிழமை. வருஷா வருஷம் கணவனா மனைவியா என்றே பட்டிமன்றம் நடத்தி அலுத்துப் போய், இந்தத் தடவை கோபாலசாமி சார் ‘வளைகுடாவுக்கு ஒரே நாணயம், வரமா வம்பா?’ என்று தலைப்பு வைத்திருந்தார். சிமெண்ட் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாரே, அவர்தான் நடுவரும். வரம் என்று பேச அப்பா, வம்பு என்று பேச அருள்ராஜ். செய்தி வந்த மறுநாளே அருள்ராஜ் பின்வாங்கிவிட்டார், “நாட்டு விஷயம் சார், வேலை குடுத்த கபீல் காதுக்குப் போனா என் விசா என்னாகறது?” என்றாராம். கோபாலசாமி சார் போன் செய்து புலம்ப, அப்பா, “எதிரணிக்கு ஆளே இல்லையா? அப்ப ரத்து பண்ணிடுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். தோசை திருப்பிக்கொண்டிருந்த நான், எப்படி வாய் வந்ததோ, “ரத்து பண்ண வேண்டாம், நான் பேசறேன்” என்றேன். அப்பா போனைக் கையில் பிடித்தபடி திரும்பி, “நீயா? எனக்கு எதிராவா?” என்று கேட்டார். “ஆமா, உங்களுக்கு எதிராத்தான்.” தோசை கருகிவிட்டது.

மண்டபம் நிறைந்துவிட்டது, தெரியுமா! கோபாலசாமி சார் மேசையில் ஒரு மணி வைத்துக்கொண்டு, “யாராவது எந்த நாட்டையாவது குறை சொன்னா மணி அடிப்பேன், நம்ம பாக்கெட்டைப் பத்தி மட்டும் பேசுங்க” என்று எச்சரித்தார். அப்பா முதலில். புள்ளிவிவரம் அடுக்குவார் என்று நினைத்தேன், ஒன்றுகூட இல்லை. பஹ்ரைனில், மனாமாவில் நடந்த கூட்டத்தைச் சொன்னார். குவைத்காரர், கத்தார்காரர், பஹ்ரைன்காரர், இவர் எல்லாரும் ஒரு மேசையில். “நாணயத்துக்கு என்ன பேர் வைக்கறதுன்னு டீ ஆறிப்போற வரைக்கும் சண்டை போட்டோம். நான் வெளியாள். ஆனா அந்த மேசையில என்னை யாரும் வெளியாளாப் பாக்கலை. அந்தச் சண்டையை இனிமே நான் எங்க போய்ப் போடுவேன்?” என்றார். குரல் உடைந்துவிட்டது, ஹர்ஷினி. இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. அடுத்து நான் எழுந்திருக்க வேண்டும்.

நம் எல்லையை ஒட்டிய ஓமன் ஊர் புரைமியின் சந்தைத் தக்காளியில் ஆரம்பித்தேன். ஓமன் ரியாலும் ஓடுகிறது, நம் திர்ஹமும் ஓடுகிறது, தக்காளி என்ன கோபித்துக்கொண்டதா என்று கேட்டேன், நல்ல சிரிப்பு. தெம்பு வந்தது. மத்திய வங்கி அபுதாபிக்கு வராததைப் பற்றி வாய் திறந்தேன், அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்தே, “இடம் கிடைக்கலைன்னா கோவிச்சுக்கிட்டு எழுந்து வந்துடறதா?” என்றார். மணி அடித்தது. நான் விடவில்லை. “சரி சார், நாட்டை விட்டுடறேன், வீட்டைப் பத்திப் பேசறேன். எங்க வீட்லயும் ஒரு முடிவாச்சு, ரியாத்துக்குப் போறதுன்னு. அங்க எனக்கு வேலை கிடையாது, வண்டி கிடையாது. வர்றியான்னு என்னை ஒரு வார்த்தை கேக்கலை, நானும் சொல்லலை. சேந்து இருக்கறது வரம்தான், நான் இல்லைங்கலை. ஆனா கூட இருக்கறவங்களைக் கேக்காம கட்டின கூட்டுல இருந்து எழுந்து வந்தா அது தப்பில்லை!” இதைச் சொல்ல நான் எழுதி வைத்துக்கொண்டு போகவில்லை, தானாக வந்தது. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐயோ, கெடுத்துவிட்டேனே என்று நினைக்கும்போது பின்வரிசையில் நம் கீழ்வீட்டு ராதிகா எழுந்து நின்று கை தட்டினாள். அவ்வளவுதான், பெண்கள் பக்கம் முழுக்க எழுந்தது. ஆண்கள் பக்கம் ஒருவர், “அப்போ குடும்பத்துல ஆளாளுக்குக் கிளம்பிடலாமா?” என்று கத்த, ராதிகா, “கேட்டுட்டு இருந்தா ஏன் சார் கிளம்பறோம்?” என்று திருப்பிக் கொடுக்க, மணிச்சத்தம் யார் காதிலும் விழவில்லை. கடைசியில் கோபாலசாமி சார் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “சாப்பாடு ரெடி, சாப்பாடு வரம், அதுதான் தீர்ப்பு” என்று சொல்லித் தப்பித்தார்.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். கடிகார ரவுண்டபவுட் தாண்டியதும் அப்பா, “இவ்வளவு நாளா ஏன் சொல்லலை?” என்றார். “நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க, எப்படிச் சொல்றது?” என்றேன். ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தச் சொன்னார். ஹாரன் அடித்து டீ வாங்கினோம். மன்னிப்பு, சமாதானம் என்று ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தால், மனுஷர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, “ஆனா உன் தக்காளி வாதம் செல்லாது” என்று ஆரம்பித்தார்! நானும் விடவில்லை. வண்டிக்குள்ளேயே அடுத்த பட்டிமன்றம். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் விளக்கிச் சொல்வார், நான் தலையாட்டுவேன். அன்றைக்குத்தான் என்னோடு சண்டை போட்டார்.

வங்கியில் அந்தக் குழுவைக் கலைத்துவிட்டார்கள். அப்பா வாடிப்போய்த் திரிந்தார். போன வாரம் மீதி நான்கு நாடுகளும் ரியாத்தில் கையெழுத்துப் போட்டுத் திட்டத்தைத் தொடர்வதாகச் சொல்லிவிட்டன, உடனே வங்கியின் பஹ்ரைன் கிளையிலிருந்து அப்பாவுக்கு அழைப்பு, அதே வேலை, ஒரு வருஷத்துக்கு. இந்தத் தடவை அவர் நேராகப் பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டார். “பஹ்ரைன்ல வண்டி ஓட்டலாம், ஈசா டவுன்ல பள்ளிக்கூடம் இருக்கு, வர்றியா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு” என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருந்தாலும், “நான் வரலை, நீங்க போங்க” என்றேன். முகம் சுருங்கியது, மறைக்க மாட்டேன். மறுநாள் அவரே, “போயிட்டு வரேன்” என்றார். செப்டம்பரில் கிளம்புகிறார். ஈசா டவுனில் கௌரிசங்கர் சித்தப்பா வீட்டில் தங்குவார், விடுமுறைக்கு நான் போவேன், நடுவில் அவர் வருவார். அவர் கிளம்பும் அன்று அபுதாபி விமான நிலையத்துக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போகிறேன். இதுவரை அந்த நெடுஞ்சாலையில் தனியாக ஓட்டியதில்லை. திரும்பி வரும்போது பக்கத்து இருக்கை காலியாக இருக்கும். நினைத்தால் பயமாகவும் இருக்கிறது, அந்த நாள் சீக்கிரம் வரட்டும் என்றும் இருக்கிறது.

நம் தெருப் பேரீச்சையெல்லாம் மஞ்சளாகிவிட்டது, இங்கிருந்து வருகிறவர்கள் யாராவது இருந்தால் பழம் கொடுத்து அனுப்புகிறேன். வேலை வேலை என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. உனக்குப் பிடிக்காததை யாராவது உன் நல்லதுக்கு என்று முடிவு செய்தால் என்னைப் போல மேடை கிடைக்கும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே சொல்லிவிடு. வெள்ளிக்கிழமை மறக்காமல் போன் செய், பஹ்ரைன் வேலை கிடைத்ததற்கு அப்பாவுக்கு வாழ்த்துச் சொல். யார் சொன்னது சரி என்று மட்டும் கேட்டுவிடாதே, உன் போன் கார்டு தீர்ந்துவிடும். எல்லா நலமும் பெற்று, நினைத்ததெல்லாம் நடந்து, மனசு குளிர நீ இருக்க வேண்டும், அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு.

இப்படிக்கு
உன் அன்பு அம்மா
பிரபாவதி சேதுமாதவன்