வேலி ஓரத்துச் சாம்பல்

மார்ச் 11

முழங்கால் வலி. புதர் புதராகக் குனிந்து பார்த்ததற்குக் கூலி. பூ வந்திருக்கிறது, ஆனால் புது இலைகள் சரியில்லை. நரம்பு மட்டும் பச்சை, மிச்சமெல்லாம் மஞ்சள். நூற்றறுபது ப்ளூபெர்ரிப் புதர்கள். நானும் அக்காவும் சேர்ந்து நட்டு இது நான்காவது வருடம். முதல் இரண்டு வருடம் வேர் பிடிக்கட்டும் என்று வந்த பூவையெல்லாம் கையாலேயே கிள்ளிப் போட்டோம். போன வருடம் வந்தது வீட்டுக்கே சரியாகப் போனது. இந்த வருடம்தான் சந்தைக்குப் போகவேண்டும். இப்போது பார்த்து இப்படி.

அக்கா சொல்கிறாள்: "உன் செடிங்களுக்கு மாப்பிள்ளை முறுக்குடா. எதைக் குடுத்தாலும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 19

மஞ்சள் கூடுகிறது. என்ன குறை வைத்தேன்?

மார்ச் 26, மத்தியானம்

கண்டுபிடித்துவிட்டேன். வேலி ஓர வரிசையில், புதர்களின் அடியில் அடுப்புச் சாம்பல். விரலால் தொட்டுப் பார்த்தேன், சந்தேகமே இல்லை. அக்கா தன் அவரைப் பாத்திக்குச் சாம்பல் போடுவாள். அது வேலிக்கு அந்தப் பக்கம். இந்தச் செடிக்குப் புளிப்பான மண்தான் வேண்டும், சாம்பல் பட்டால் மண்ணின் புளிப்புப் போய்விடும், அப்புறம் வேர் சத்தை இழுக்காது — எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! சுவரிடம் பேசியிருந்தால் சுவராவது கேட்டிருக்கும். போய்க் கேட்கிறேன்.

மார்ச் 27

கேட்கவில்லை. கத்தினேன். களை எடுக்க வந்த இரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "நாலு வருஷ உழைப்புல சாம்பலைக் கொட்டிட்டியே" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "ஒண்ட வந்த எடத்துல சும்மா இருக்கத் தெரியாதா?" என்றும் சொன்னேன்.

அந்த வார்த்தை என் வாயில் எங்கிருந்து வந்தது? அக்கா வீட்டுக்காரர், மாமா, இறந்த பிறகு, "தனியா இருக்காதே, வா" என்று ஏழு வருடம் முன்னால் கூட்டிவந்தவனே நான்தானே.

அக்கா கையிலிருந்த சாம்பல் கூடையைக் கீழே வைத்தாள். "நான் வேலி தாண்டிப் போடல. காத்துல பறந்திருக்கும்" என்றாள். அப்புறம் ஏதோ சொல்ல வந்தவள் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 29

அக்காவின் மகன் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனான். "ஒரு மாசம் எங்களோட இருக்கட்டும் மாமா." இரண்டு பெட்டி. ஒரு மாதத்துக்கு இரண்டு பெட்டி எதற்கு?

தப்பு செய்தது அவள். நான் ஏன் கெஞ்சவேண்டும்?

ஏப்ரல் 8

ஒரு ஆளுக்குச் சமைப்பதைப்போல எரிச்சல் வேறில்லை. ஒன்று குறைகிறது, இல்லாவிட்டால் மூன்று நாளைக்கு வருகிறது.

மேட்டு வரிசையும் மஞ்சளாகிவிட்டது. வேலியிலிருந்து அது எவ்வளவு தூரம்! சாம்பல் அங்கே நடந்தா போயிருக்கும்? — யோசிக்கப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 15

இந்தக் கன்றுகளைக் கொடுத்த நாற்றுப்பண்ணைக்காரர் வந்தார். எட்டு இடத்தில் மண் எடுத்துச் சோதித்தார். எட்டிலும் புளிப்பு இல்லை.

"சாம்பல்னா அந்த ஒரு வரிசையோட நின்னிருக்கும். தண்ணி எங்கேருந்து விடுறீங்க?"

போன கோடையில் மழைநீர்த் தொட்டி விரிசல் விட்டது. அதைப் பூசச் சோம்பல்பட்டுக் கிணற்றிலிருந்து குழாய் இழுத்தேன். அதைச் சொன்னேன். மனிதர் நேரே சமையலறைக்குள் போய் என் கெட்டிலைத் தூக்கிவந்தார். அடியில் வெள்ளை வெளேர் என்று சுண்ணாம்பு ஏடு.

"கிணத்துத் தண்ணியில இருக்கிற இந்தச் சுண்ணாம்பைத்தான் இத்தனை மாசமா வேருக்கு ஊத்தியிருக்கீங்க. சாம்பலே தேவலாம்."

அந்தக் கெட்டிலில்தான் தினமும் மூன்று வேளை டீ போடுகிறேன். அடுத்தவர் கூடையைப் பார்த்த கண்ணுக்கு இது தெரியவில்லை.

ஏப்ரல் 16

நான்தான்.

ஏப்ரல் 22

இன்று போன் போட்டே விட்டேன். "அக்கா, தப்பு என்மேல" — மூன்றே வார்த்தை. காலையிலிருந்து சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அவள் குரலைக் கேட்டதும், "சர்க்கரை எந்த டப்பாவுல இருக்கு?" என்று கேட்டேன்.

"பச்சை மூடி" என்றாள். வைத்துவிட்டாள்.

வெட்கம் கெட்டவன்.

மே 3

களை எடுக்கிறவர்களில் மூத்தவள் கேட்டாள், "அம்மா எப்ப வருவாங்க?" என்று. "அவங்க மேல தப்பில்லம்மா. கிணத்துத் தண்ணிதான்" என்றேன்.

"எங்ககிட்ட சொல்லி என்னய்யா ஆகப்போவுது?" என்றாள்.

உண்மைதான். திட்டும்போது மட்டும் எட்டூருக்குக் கேட்கிற வாய் இது.

மே 17

போனேன். மூன்று மணி நேர பஸ். அக்கா பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். மகன், மருமகள் எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். ஆள் பார்க்கத் திட்டியதை ஆள் பார்க்கத்தான் சொல்லவேண்டும் என்று, நின்றபடியே சொல்லி முடித்தேன்.

"தெரியும்" என்றாள். பின்னுவதை நிறுத்தவில்லை. "பாத்திரமெல்லாம் வெள்ளை படிஞ்சப்பவே சந்தேகம். அன்னைக்கு வாய் வரைக்கும் வந்துச்சு."

"ஏன்க்கா சொல்லல?"

"ஒண்ட வந்தவளுக்கு எதுக்கு வாய்னு முழுங்கிட்டேன்."

மருமகள் எழுந்து உள்ளே போனாள். நான் அழுதேன். இந்த வயதில், சின்னப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போது. அக்கா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். கோபமே இல்லை அவளிடம். கோபம் இருந்திருந்தால் தேவலாம், தணியும் என்று காத்திருக்கலாம்.

"வீட்டுக்கு வாக்கா."

"சாப்பிட்டுட்டுப் போடா" என்றாள்.

ஜூன் 20

நாற்பத்தொரு புதர் போய்விட்டது. மற்றவற்றில் பழம் மிளகு அளவு. நல்லதாகப் பொறுக்கி ஒரு டப்பா அனுப்பினேன். மகன் போன் செய்தான்: "அம்மா சாப்பிட்டாங்க மாமா. நல்லா இருக்குன்னாங்க." பக்கத்தில் அவள் குரல் கேட்டது. போனை அவளிடம் கொடு என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

ஜூலை 2

தொட்டியைப் பூசியாயிற்று. மண்ணில் கலக்கக் கந்தகத் தூளும் வந்துவிட்டது, பன்னிரண்டு மூட்டை. மறுபடி புளிப்பு ஏற ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகும் என்கிறார் நாற்றுப்பண்ணைக்காரர்.

காலையில் அக்காவின் மகன் வண்டியோடு வந்து அவள் கட்டிலையும் அலமாரியையும் ஏற்றிக்கொண்டு போனான். நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொடுத்தேன்.

மத்தியானத்திலிருந்து வானம் கறுத்திருக்கிறது. கந்தகம் நனையக்கூடாது, கொட்டகையோ ஒழுகும். மூட்டைகளை அக்காவின் அறையில் கொண்டுபோய் அடுக்கினேன். பன்னிரண்டையும் வைத்த பிறகும் இடம் இருந்தது.