மறியலுக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்த அகாலத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். நோயெமி இப்போதுதான் தூங்கினாள். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அப்பா ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறாரா?

சோலுத்தேகாவிலிருந்து திரும்பும்போது வழியில் காபி விவசாயிகள் மறியல். பேருந்தில் நிற்கத்தான் இடம் இருந்தது. வழக்கம்போல, உட்கார்ந்திருந்த ரொட்டி விற்கும் அம்மாள் ஒருவர் நோயெமியை மடியில் வாங்கிக்கொண்டார். மறியலைத் தாண்டி நடந்து, அந்தப் பக்கம் நிற்கும் பேருந்துக்கு மாறச் சொன்னார்கள். நான் கூரையிலிருந்து மூட்டையை இறக்கித் திரும்பினால், அவரையும் காணோம், குழந்தையையும் காணோம். அந்தப் பக்கம் மூன்று பேருந்துகள் உறுமிக்கொண்டிருந்தன. பெயர் சொல்லிக் கத்தினேன்.

கடைசி வண்டியின் படியில் நின்று அவர் டிரைவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "தாய்க்காரி வராம வண்டிய நகத்தினா, உன் மீசைய இந்தப் புள்ளகிட்ட குடுத்துருவேன்!" என்னைப் பார்த்ததும், "மூட்டைதான் பெருசாடி மகளே? இவ என் ரொட்டில மூணு முடிச்சிட்டா!" என்றார். வண்டியே சிரித்தது, நானும் சிரித்தேன். அவர் இடுப்பில் இருந்தவரை நோயெமி அழவே இல்லையாம். என் கைக்கு வந்ததும்தான் அழுதாள்.

கவலைப்படாதீர்கள். யாராவது இந்தப் பக்கம் வந்தால், அவளை உடம்போடு கட்டிக்கொள்ள அகலமான துணி ஒன்று கொடுத்தனுப்புங்கள்.

அவளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பெண் அடுத்த மாதத்திலிருந்து முடியாது என்கிறாள். பாடம் நடத்தப் போகாமலும் இருக்க முடியாது. "என்கிட்ட விட்டுட்டுப் போ" என்று நீங்கள் சொன்னபோது கோபப்பட்டேன். இப்போது எனக்கு வேறு வழி தோன்றவில்லை. அவளைக் கொண்டுவந்து விடட்டுமா, நீங்கள் இங்கே வருவீர்களா?

புரள்கிறாள், விளக்கை அணைக்க வேண்டும். சீக்கிரம் பதில் போடுங்கள் அம்மா.

தெல்மிரா