தூக்கக் கூடாதாம்

புரட்டாசி 3, திங்கள்

விடியும்போதே புழுக்கம். டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். வீட்டில் முட்டிவலி என்று சொல்லிவிட்டு. கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டது என்று மருமகளிடம் எப்படிச் சொல்வது.

எடை குறைக்கணும். மலம் போக முக்கக் கூடாது. அடித்தசைக்குப் பயிற்சி. படம் போட்ட தாள் தந்தார்கள். வியாழன் போனால் ஒரு பெண் சொல்லித் தருவாளாம். கனம் தூக்கக் கூடாது.

"வீட்ல என்ன தூக்குவீங்க?"

"பேத்திய."

"மொதல்ல அவள இறக்கி விடுங்க."

எடை எழுபத்து நாலு. மெஷின் பழசு.

மித்ராவுக்கு நாலு வயசு. தூக்கம் தெளியாத பிள்ளையை இடுப்பில் வைத்து, லிஃப்ட் இல்லாத மூன்று மாடி இறங்கி ஸ்கூல் வேனில் ஏற்றுவது என் வேலை. மருமகள் சுதா அதற்குள் ட்ரெயின் பிடித்திருப்பாள். மகன் பிரகாஷுக்கு நைட் ஷிப்ட், அப்போதுதான் படுப்பான். ஸ்டேஷன் பக்கம் கிரஷ் இருக்கிறது, அவர்களே ஸ்கூலில் விட்டு, சாயங்காலம் வரை பார்த்துக்கொள்வார்களாம். போன வருஷம் பேச்செடுத்தார்கள். நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன், எதற்கு என்று வாயை அடைத்தேன்.

இன்றும் தூக்கினேன்.

புரட்டாசி 4, செவ்வாய்

கவிச்சி இல்லாத மாதம், எடை தானாக இறங்கும் என்று நினைப்பு. மீன் இல்லாத தட்டில் சோறுதான் கூடுகிறது. இன்று மூன்று இட்லியோடு நிறுத்தினேன். பதினோரு மணிக்கு முறுக்கு. யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஏரிக்கரை நடை. எதிர்வீட்டு ராஜம்மா விடவில்லை. "இன்னா அக்கா, வாத்து மாதிரி நடக்குற? எங்கள எல்லாம் பின்னாடி விட்டுட்டுப் போவியே!"

செருப்பு கடிக்கிறது என்றேன். பாதியில் உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் ஆனால் கீழே பந்து மாதிரி. உரசல். அலுப்பு.

பழைய நூல்புடவையைக் கிழித்து வயிற்றை இறுக்கிக் கட்டினேன். பிரகாஷ் பிறந்தபோது அம்மா கட்டிய மாதிரி. அதன்மேல் பாவாடை நாடாவும். ஏதோ தாங்குகிறது போல் இருந்தது.

புரட்டாசி 6, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. பயிற்சியாம், படுத்து மூச்சடக்கிச் செய்ததில் இன்னும் இறங்கின மாதிரி.

சொல்லித் தரும் பெண்ணுக்கு என் மருமகள் வயசு இருக்கும். வயிற்றில் கட்டியிருந்த துணியைப் பார்த்தாள்.

"என்னம்மா இது, இவ்ளோ இறுக்கி?"

"கீழ வராம தாங்கும்னு."

"பேஸ்ட்ட நடுவுல புடிச்சு அமுக்கினா எங்கம்மா போகும்?"

அவிழ்த்தாள். சுருட்டிப் பையில் போட்டேன். பிறகு பயிற்சியைச் செய்து காட்டச் சொன்னாள். காட்டினேன்.

"ஐயோ, பிரசவத்துக்கு முக்குற மாதிரி முக்குறீங்க! கீழ தள்ளக் கூடாது, மேல இழுக்கணும். எலக்ட்ரிக் ட்ரெயின்ல பீச்சுக்குப் போறீங்க. ஒண்ணுக்கு வருது. பாத்ரூம் கெடையாது. என்ன பண்ணுவீங்க?"

"அடக்குவேன்."

"அதான்மா எக்சர்சைஸ். மூச்ச மட்டும் விடுங்க."

பிடித்துப் பார்த்தேன். தாம்பரத்தில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் சானடோரியம் வரைகூடத் தாங்காது. நாளாகும், விடாமல் செய்யுங்கள் என்றாள். இருமும்போது, எழும்போது, முதலில் இழுத்துப் பிடிக்கணும். நடக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாக.

பேத்தியைத் தூக்கலாமா என்று கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்பாள்.

புரட்டாசி 7, வெள்ளி

இரண்டாவது மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். மித்ரா இடுப்பில். சதை வெளியே வந்துவிட்ட மாதிரி. புடவை நனைந்துவிட்டது. கீழே ஹாரன். பிரகாஷ் கைலியோடு ஓடி வந்தான்.

"முட்டியாம்மா?"

"முட்டி இல்லடா. புள்ளைய வேன்ல ஏத்து. சுதா வந்ததும் சொல்றேன்."

அவனிடம் எப்படிச் சொல்ல. பகலெல்லாம் படுத்தே இருந்தேன். சோறு இறங்கவில்லை.

சுதா வந்ததும் கதவைச் சாத்திச் சொன்னேன். கோபம் வந்துவிட்டது அவளுக்கு.

"எத்தன மாசமா? எங்கிட்ட சொன்னா என்ன கொறஞ்சா போயிடுவீங்க அத்தை?"

"கொறஞ்சுதான் போவேன்."

சுடுதண்ணீர் வைத்துக் கொண்டுவந்தாள். அப்புறம் வாசற்படியில் நின்று, "திங்கக்கெழமேலேர்ந்து கிரஷ்தான் அத்தை" என்றாள்.

புரட்டாசி 9, ஞாயிறு

மழை வரும் போல இருந்து வரவில்லை. பயிற்சி காலை, மதியம். மாலை அசதி, விட்டுவிட்டேன்.

சுதா தோசை ஊற்றும்போது போய் நின்றேன். "கிரஷ் வேணாம். நான் தூக்க மாட்டேன். அவ நடந்து எறங்கட்டும். சீக்கிரம் எழுப்பிடு."

"அழுவா அத்தை. உங்களுக்குத்தான் மனசு கேக்காது. தூக்கிடுவீங்க."

"தூக்க மாட்டேன்."

"தூக்கினீங்கன்னா அன்னைக்கே கிரஷ்."

சரி என்றேன். ஒரே தோசை சாப்பிட்டேன். அவள் கவனித்தாள்.

புரட்டாசி 10, திங்கள்

தூறல். படியெல்லாம் ஈரம். மித்ரா இரண்டு படி இறங்கி உட்கார்ந்துகொண்டாள். "தூக்கு பாட்டி."

"பாட்டிக்கு வயித்துல நோவு."

"கொஞ்சம் தூக்கு."

ஒரே அழுகை. மூக்கொழுகி, யூனிபாரமெல்லாம் ஈரம். கீழே வேன் ஹாரன். முதல் மாடிப் பெண் கதவைத் திறந்து, "புள்ளையத் தூக்கினு வாங்களேன், எல்லாருக்கும் லேட் ஆகுதுல்ல" என்று கத்தினாள். கை தானாக நீண்டது. இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மறுபடி ஹாரன். அடிக்கட்டும் என்று நின்றேன்.

என் முந்தானையைப் பிடித்து எழுந்தாள். அழுதுகொண்டே ஒரு படி இறங்கினாள்.